அகதி யார் என்னும் கேள்வி

1988-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள், அப்பொழுது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் புதியதொரு கொள்கை நடைமுறைக்கு வந்தது. கடலில் வந்துகொண்டிருந்தோருக்கும், புறப்படலாமா என்று வியட்நாமின் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோருக்கும் அதனைத் தெரிவிக்கவேண்டியிருந்தது. அப்பொறுப்பை வானொலி ஏற்றது. வியட்நாமிய மொழியில் அமைந்த சிறிய அறிவிப்பொன்று ஹாங்காங் வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தது. ‘இன்று முதல்’ என்று பொருள்படும் சொற்களுடன் அது தொடங்கிற்று. பிழைப்பை நாடி ஹாங்காங்குக்கு வரும் வியட்நாமியர் இனிச் சட்டத்துக்குப் புறம்பாக நுழைந்தவர்களாகவே கருதப்படுவர். வேறு நாட்டுக்குக் குடியேறும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடையாது. திருப்பி அனுப்பப்படும் வரை காவலில் இருப்பர் என்பதே அவ்வறிவிப்பின் சாரம். வியட்நாமிய மொழி அறியாத ஹாங்காங் மக்களின் காதில் அத்தொடக்கச் சொற்கள் ஓயாமல் விழுந்தன. ‘பட் லாவ் துங் லாய்’ என்று அவர்கள் நாவில் அவை திரிந்து, வியட்நாமியரைக் குறிக்கும் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டன. ஓர் அரசாங்க அறிவிப்பு ஒரு மக்களினத்துக்குப் பெயராகிப்போன விந்தை இது.

அந்நாளுக்கு முன்னர் பதின்மூன்று ஆண்டுகள் ஹாங்காங் கரையில் இறங்கிய வியட்நாமியர் அனைவரும் அகதிகளாகவே ஏற்கப்பட்டனர். அந்நாளுக்குப் பின்னர் ஒவ்வொருவரும் தாம் அகதியென்று மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. கடல் அதே கடல். படகும் அதே படகு. ஜூன் 15-ஆம் நாள் வந்தவரிடம் கேட்கப்படாத கேள்வி, மறுநாள் வந்தவரிடம் கேட்கப்பட்டது. கருணையாகத் தொடங்கிய ஒன்று எவ்வாறு விசாரணையாக மாறிற்று என்பதையும், அம்மாற்றத்தால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். தமிழில் ‘அகதி’ என்றால் கதியற்றவர் என்று பொருள். போக்கிடம் இல்லாதவர் எவராயினும் அவர் அகதியே. சர்வதேசச் சட்டத்தின் அகதியோ இவ்வளவு விரிந்த பொருளுடையவர் அல்லர். 1951-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையும், அதன் எல்லையை உலகமெங்கும் விரித்த 1967-ஆம் ஆண்டின் இணைப்பு உடன்படிக்கையும் ஓர் இலக்கணம் வகுத்துள்ளன. இனம், சமயம், தேசிய இனம், ஏதேனும் ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் தாம் துன்புறுத்தப்படக்கூடும் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சத்தினால் தாய்நாட்டுக்கு வெளியே இருப்பவரே அவ்விலக்கணத்தின்படி அகதி ஆவார். பசி இப்பட்டியலில் இல்லை. வறட்சி இல்லை. வேலையின்மையும் இல்லை. தமிழ்ச் சொல்லுக்கும் சட்டச் சொல்லுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் பல்லாயிரம் வியட்நாமியரின் வாழ்வு சிக்கிக்கொண்டது.

வியட்நாமியரின் இடப்பெயர்ச்சி 1975-இல் தொடங்கியதன்று. 1954-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனீவாவில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்நாட்டை 17-ஆவது அட்சரேகையை ஒட்டித் தற்காலிகமாக இரண்டாகப் பிரித்தது. குறிப்பிட்ட கால எல்லைக்குள், விரும்பிய குடிமக்கள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லலாம் என்றும் அது விதித்தது. அதனைக் கண்காணிக்க அமைந்த சர்வதேச ஆணைக்குழுவில் கனடாவும் போலந்தும் உறுப்பு நாடுகள். தலைமை வகித்தது இந்தியா. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பொழுது வடக்கிலிருந்து தெற்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். செல்வோர் தம் விருப்பத்தினால் செல்கின்றனரா, செல்ல விரும்புவோர் தடுக்கப்படுகின்றனரா என்று ஆராய்வது நம் நாட்டு அதிகாரிகளின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. எனவே, ‘இவர் ஏன் புறப்படுகிறார்?’ என்ற கேள்வியை வியட்நாமியரைப் பற்றி எழுப்பியவர்களின் வரிசையில் இந்தியருக்கும் இடமுண்டு.

தமிழருக்கும் அம்மண்ணோடு தொடர்பு இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் புதுச்சேரி, காரைக்கால் தமிழரும் சைகோன் நகரில் வட்டித் தொழிலும் வாணிகமும் அரசுப் பணியும் செய்து வாழ்ந்தனர். அவர்களிற் பலர் பின்னர் ஊர் திரும்பினர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது; இப்பொழுது அங்கே வழிபடுவோரிற் பெரும்பாலோர் வியட்நாமியர்.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அதனையொட்டி வெளியேறியவர்களில் ஏறத்தாழ 1,30,000 பேரை அமெரிக்கா ஏற்றது. பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாம் தீவில் முதலில் தங்கவைத்துப் பின்னர் அமெரிக்க மண்ணிலுள்ள படைத்தளங்களில் இறக்கி, ஆதரவு தர முன்வந்த குடும்பங்களிடமும் தேவாலயங்களிடமும் அவர்களைப் பிரித்தனுப்பினர். மே மாதம் 4-ஆம் நாள் ‘கிளாரா மேர்ஸ்க்’ என்ற டென்மார்க் நாட்டுச் சரக்குக் கப்பல், நடுக்கடலில் மீட்ட 3,743 பேருடன் ஹாங்காங் துறைமுகத்தை அடைந்தது. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிறு படகொன்று ஐந்தே பேருடன் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் ஒதுங்கியது. தொடக்கத்தில் வந்தோர் தொகை சிறிது. அவர்களை யாரும் நெடுநேரம் விசாரிக்கவில்லை.

1978-இல் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் வியட்நாம் அரசாங்கம் தென்பகுதியில் தனியார் வாணிகத்தை முடிவுக்குக் கொணர்ந்தது. சைகோனின் கடைத்தெருக்களை நடத்திவந்த சீன வம்சத்தினரை அது நேரே தாக்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் கம்போடியாவுடனும், 1979-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனாவுடனும் போர் மூண்டது. சீன வம்சத்தினரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வட எல்லையைக் கடந்து சீனாவுக்குள் சென்றனர். சீன அரசாங்கம் அவர்களைப் பெரும்பாலும் அரசுப் பண்ணைகளில் குடியமர்த்தியது. ஏனையோர் கடலில் இறங்கினர். பழைய ஆட்சியில் படைவீரராகவோ அலுவலராகவோ இருந்தோர் ‘மறுகல்வி முகாம்கள்’ என்னும் சிறைகளில் அடைபட்டிருந்தனர். அவர்தம் குடும்பங்கள் ‘புதிய பொருளாதார மண்டலங்கள்’ எனப்பட்ட காட்டுநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களும் படகு தேடினர்.

1978 நவம்பரில் ‘ஹாய் ஹாங்’ என்ற கப்பல் சுமார் 2,500 பேருடன் மலேசியக் கரையருகே நின்றது. இறங்க அனுமதி கிடைக்கவில்லை. டிசம்பரில் ‘ஹுவே ஃபாங்’ என்ற கப்பல் 3,300-க்கும் மேற்பட்டோருடன் ஹாங்காங் எல்லையில் பல வாரங்கள் காத்துக்கிடந்தது. மலேசியாவின் திரங்கானு மாநிலத்தை ஒட்டிய பீடோங் தீவு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது; 1979-ஆம் ஆண்டின் நடுவில் அங்கே சுமார் 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1979 ஜூன் மாதத்தில் மட்டும் தென்கிழக்காசியக் கரைகளில் இறங்கியோர் 54,000 பேர். அம்மாத இறுதியில் பாலித் தீவில் கூடிய ஆசியான் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள், தங்கள் பொறுமையின் எல்லை வந்துவிட்டதென்றும் இனிப் புதிதாக எவரையும் ஏற்க இயலாதென்றும் அறிவித்தனர். படகுகளைக் கயிறு கட்டி நடுக்கடலுக்கு இழுத்து விடுவது அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளையர் காத்திருந்தனர்.

இந்நெருக்கடியில் 1979 ஜூலை 20, 21 ஆகிய நாட்களில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. அங்கே உருவான ஏற்பாட்டை மூன்று வாக்குறுதிகளாகச் சுருக்கிக் கூறலாம். அண்டை நாடுகள் தம் கரைக்கு வருவோரைத் தற்காலிகமாக இறங்கவிடும். தொலைவிலுள்ள நாடுகள் அவர்களை ஏற்றுச் சென்று நிலையாகக் குடியமர்த்தும். வியட்நாம் சட்டத்துக்குப் புறம்பான வெளியேற்றத்தைத் தடுத்து, முறையான வழியில் செல்ல விரும்புவோரை அனுமதிக்கும். ‘கரையைத் திறந்தால் கதவைத் திறப்போம்’ என்பதே பேரத்தின் உட்பொருள். குடியமர்த்துவதாக வாக்களிக்கப்பட்ட இடங்கள் 1,25,000-இலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட நாடுகள், லாவோஸ், கம்போடிய நாட்டினரையும் சேர்த்து 6,20,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றன. அகதிகள் வரலாற்றில் இத்தகைய ஏற்பாடு அரிது.

அவர்களை எவ்வாறு தெரிந்தெடுத்தனர்? இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். ஒருவர் அகதியா என்று ஆராய்வது ஒன்று. அகதிகளுள் எவரை எந்நாடு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்வது மற்றொன்று. 1979-க்குப் பின் நெடுங்காலம் முதற் கேள்வி எழவில்லை. இரண்டாவது கேள்வியே எழுந்தது. அமெரிக்க அதிகாரிகள் முகாமுக்கு வந்து, தம் நாட்டில் நெருங்கிய உறவினர் உள்ளவர், அமெரிக்க அரசாங்கத்தில் பணிபுரிந்தவர், பழைய தென்வியட்நாம் அரசில் இருந்தவர், பிறர் என்று வரிசைப்படுத்தினர். கனடாவில் அண்டை வீட்டார் சிலரோ ஒரு தேவாலயத்தாரோ ஒன்றுசேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவை ஏற்க முன்வந்தால் அரசாங்கம் அக்குடும்பத்தை வரவழைத்தது. 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாடு இந்தோசீன அகதிகள் 60,000 பேரை ஏற்றது. 1986-ஆம் ஆண்டின் நான்சென் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. அமெரிக்கா செல்வோரிற் பலர் பிலிப்பைன்ஸின் பட்டானில் அமைந்த முகாமில் சில மாதங்கள் ஆங்கிலமும் அந்நாட்டு வாழ்க்கை முறையும் கற்றுப் பின்னர் விமானம் ஏறினர்.

அதே சமயம் முறையான புறப்பாட்டுத் திட்டமும் நடைபெற்றது. 1979 மே 30-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும் வியட்நாம் அரசாங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு அது. ஏற்கும் நாடும் அனுப்பும் நாடும் பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவரை விமானத்தில் அனுப்பின. அமெரிக்கத் தந்தையருக்கு வியட்நாமில் பிறந்த பிள்ளைகளும், மறுகல்வி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாடிய முன்னாள் அலுவலர்களும் பிற்காலத்தில் அவ்வழியே சென்றனர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலின் ஆபத்தைக் காணாமலே வெளியேற இத்திட்டம் உதவிற்று. படகின் பரபரப்பு இதில் இல்லாமையால் உலகம் இதை அதிகம் பேசுவதில்லை.

இவ்வளவு நடந்தும் படகுகள் நிற்கவில்லை. குடியமர்த்தும் நாடுகளின் ஆர்வம் தளரத் தொடங்கியது. ஹாங்காங் 1982 ஜூலை மாதம் முதல், புதிதாக வருவோரை வெளியே செல்ல இயலாத மூடிய முகாம்களில் வைத்தது. வருவோரின் மனத்தை மாற்றுவதே அதன் நோக்கம். 1987-இலும் 1988-இலும் வரத்து மீண்டும் பெருகிற்று. வந்தவர்களுள் வடபகுதியைச் சேர்ந்த மீனவரும் உழவரும் மிகுந்திருந்தனர். பழைய தென்னாட்டு அரசுடன் இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பிழைப்புத் தேடி வருவோரே என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1988 ஜூன் 16-ஆம் நாளின் அறிவிப்பு இச்சூழ்நிலையிற் பிறந்தது.

மறு ஆண்டு அம்முறை தென்கிழக்காசியா முழுதும் பரவியது. 1989 ஜூன் 13, 14 ஆகிய நாட்களில் ஜெனீவாவில் கூடிய இரண்டாவது மாநாடு ‘முழுமையான செயல் திட்டம்’ என்ற ஏற்பாட்டை நிறைவேற்றிற்று. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 1989 மார்ச் 14-ஆம் நாள் வரம்பு நாளாயிற்று. இந்தோனேஷியாவும் பிலிப்பைன்ஸும் அதற்குச் சில நாட்கள் பின்னர் வரம்பு வைத்தன. ஹாங்காங்குக்குப் பழைய ஜூன் 16-ஆம் நாளே வரம்பு. அதற்கு முன் வந்தோர் அனைவரும் குடியமர்த்தப்படுவர். பின் வந்தோர் விசாரிக்கப்படுவர். அகதியெனத் தேறியோர் மூன்றாம் நாடுகளுக்குச் செல்வர். தேறாதோர் வியட்நாமுக்குத் திரும்பவேண்டும். திரும்புவோரைச் சட்டவிரோதமாக வெளியேறிய குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று வியட்நாம் 1988 டிசம்பரிலேயே உயர் ஆணையர் அலுவலகத்துக்கு உறுதி கூறியிருந்தது.

விசாரணை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஹாங்காங்கில் குடிநுழைவு அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு வினவுவார். விண்ணப்பதாரர் கூறுவது வியட்நாமிய மொழியில், பதிவாவது ஆங்கிலத்தில். மறுக்கப்பட்டவர் மறுபரிசீலனைக் குழுவிடம் முறையிடலாம். அங்கும் மறுக்கப்பட்டால், உயர் ஆணையர் அலுவலகம் தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு அவரை அகதியென அங்கீகரிக்க இடமிருந்தது. பெற்றோரின்றி வந்த சிறுவர்களின் நலனை ஆராயத் தனிக் குழுக்கள் அமைந்தன. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடே. நடைமுறையில் குறைகள் பல தோன்றின. விண்ணப்பதாரருக்குச் சட்ட உதவி மிகக் குறைவாகவே கிடைத்தது. அதிகாரிகளிற் பலருக்கு வியட்நாமின் நிலைமை தெரியாது. சிறுவர்களைப் பற்றிய முடிவுகள் தாமதித்தன. சில நாடுகளில் பணம் கைமாறியதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

இவற்றையெல்லாம் விட ஆழமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஒருவர், ‘அங்கே வாழ வழியில்லை’ என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். தமிழில் இத்தொடர் பசியையும் குறிக்கும், கொடுமையையும் குறிக்கும். மொழிபெயர்ப்பாளர் முதற் பொருளைக் கொண்டால் அவர் பிழைப்பு நாடி வந்தவர். இரண்டாவதைக் கொண்டால் அவர் அகதி. வியட்நாமில் அக்காலத்தில் குடும்பப் பதிவு இல்லாதவருக்குப் பங்கீட்டு அரிசி கிடைப்பது அரிது. ஒருவருடைய தந்தை பழைய படையில் பணிபுரிந்தார் என்ற குறிப்பு குடும்ப வரலாற்றுப் பதிவில் இருந்தால் மகனுக்குக் கல்லூரியும் நல்ல வேலையும் எட்டாக்கனி. அந்த மகன் படகேறி வந்து, ‘எனக்கு வேலை இல்லை’ என்கிறான். அவன் கூறுவது உண்மை. அந்த வேலையின்மைக்குப் பின்னே அரசியல் இருப்பதும் உண்மை. ‘ஏன் வேலை இல்லை?’ என்று அடுத்த கேள்வியை அதிகாரி கேட்டாரா என்பதைப் பொறுத்தே அவன் வாழ்வு அமைந்தது. வறுமையும் துன்புறுத்தலும் வெவ்வேறு பெட்டிகளில் அடைபட்டிருப்பதில்லை. ஒன்று மற்றொன்றின் கருவியாகவும் ஆவதுண்டு.

செயல் திட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட வியட்நாமியருள் அகதிகளெனத் தேறியோர் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமே. மற்றோர் முகாம்களிலேயே காத்திருந்தனர். ஹாங்காங்கின் முட்கம்பி வேலிக்குள், மூன்றடுக்குக் கட்டில்களில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு வேலிக்கு அப்பால் உள்ள உலகம் தெரியாது. 1989 டிசம்பர் 12-ஆம் நாள் விடியுமுன் 51 பேரை அதிகாரிகள் வற்புறுத்தி விமானமேற்றி ஹனோய் நகருக்கு அனுப்பினர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது; வற்புறுத்தித் திருப்பி அனுப்புதலை அமெரிக்காவும் எதிர்த்தது. 1992 பிப்ரவரியில் வியட்நாமியப் புத்தாண்டு வேளையில் ஷெக் காங் முகாமில், உள்ளிருந்தோரிடையே மூண்ட கலவரத்தின்போது குடியிருப்பொன்று தீக்கிரையாகி 24 பேர் மாண்டனர். காத்திருத்தலும் ஒரு தண்டனையே என்பதை அத்தீ உலகுக்கு உணர்த்திற்று.

எனினும் வரலாறு ஒரு பக்கம் மட்டும் உடையதன்று. 1992-இல் புதிய படகுகள் வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. விசாரணையும் திருப்பி அனுப்புதலும் அதற்குக் காரணம். 1986 முதல் வியட்நாம் மேற்கொண்ட பொருளாதாரச் சீர்திருத்தம் ஊரிலேயே பிழைக்கும் வழியைத் திறந்ததும் காரணம். 1994-இல் அமெரிக்கா தன் வாணிகத் தடையை நீக்கியது. 1995-இல் இரு நாடுகளுக்கும் தூதரக உறவு ஏற்பட்டது. செயல் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,09,000 வியட்நாமியர் தாயகம் திரும்பினர். உயர் ஆணையர் அலுவலக ஊழியர் ஊர் ஊராகச் சென்று அவர்களைக் கண்டு நலம் விசாரித்தனர். சிறு பண உதவியும் வழங்கப்பட்டது. வெளியேறியமைக்காகத் திட்டமிட்ட பழிவாங்கல் நடைபெறவில்லை என்பதே அவர்களது முடிவு. 1996 ஜூன் 30-ஆம் நாள் செயல் திட்டம் முடிவுற்றது.

முடிவிலும் நாடுகள் ஒரே வழியைக் கைக்கொள்ளவில்லை. பிலிப்பைன்ஸ் 1996-இல், கத்தோலிக்கத் திருச்சபையின் வேண்டுகோளுக்கு இணங்கி, எஞ்சியிருந்தோரை வற்புறுத்தி அனுப்பாமல் தங்கவிட்டது. அமெரிக்கா அவ்வாண்டில் ஒரு நடுவழி கண்டது. முகாம்களிலிருந்து ஊர் திரும்புவோரை வியட்நாமிலேயே தன் அதிகாரிகள் மறுபடி விசாரித்து, தகுதியுடையோரை அழைத்துச் செல்வரென்று அறிவித்தது. மறுக்கப்பட்டோரின் முறையீட்டில் உண்மை ஓரளவு உண்டென்று மறைமுகமாக ஒப்புக்கொண்டதாகவே இதனைக் கொள்ளலாம். ஹாங்காங் 1998 ஜனவரியில் முதற் புகலிடக் கொள்கையைக் கைவிட்டது. 2000-ஆம் ஆண்டு, எஞ்சிய சுமார் 1,400 பேர் அங்கேயே நிலையாக வாழ அனுமதி பெற்றனர். அவ்வாண்டின் நடுவில் கடைசி முகாமும் மூடப்பட்டது. 1975 முதல் ஹாங்காங்குக்கு வந்தோர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 1,43,000-க்கும் மேற்பட்டோர் பிற நாடுகளில் குடியேறினர். 67,000-க்கும் மேற்பட்டோர் வியட்நாம் திரும்பினர். 1975-க்கும் 1995-க்கும் இடையே படகில் வந்து பிற நாட்டுக் கரைகளை அடைந்த வியட்நாமியர் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். இக்கணக்கில் கரை சேர்ந்தோரே அடங்குவர்.

இவ்வரலாற்றை எவ்வாறு மதிப்பிடுவது? விசாரணையே தவறென்பார் ஒரு சாரார். விசாரணையின்றிக் கரைகள் திறந்திருந்திரா என்பது அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டியது. 1979-இல் கயிறு கட்டி இழுத்துவிடப்பட்ட படகுகள் அதற்குச் சான்று. விசாரணை முறை வந்தபின், வருவோர் பெரும்பாலும் இறங்கவாவது இடம் பெற்றனர். விசாரணை நியாயமாகவே நடந்தது என்பார் மற்றொரு சாரார். நாட்காட்டியிலுள்ள ஒரு தேதி ஒருவருடைய அச்சத்துக்கு அளவுகோலாக முடியுமா என்பது அவர்கள் விடை கூறவேண்டிய கேள்வி. நம் கருத்தில், வரம்பு நாள் அரசாங்கங்களின் வசதிக்காக எழுந்தது. தனியொருவரின் உண்மையைக் கண்டறியும் கடமை அதனால் தீர்ந்துவிடவில்லை. வரம்பு நாளை ஏற்படுத்தியவர்கள், அதன்பின் அமைந்த விசாரணையைப் பன்மடங்கு கவனத்துடன் நடத்தக் கடமைப்பட்டிருந்தனர். நல்ல மொழிபெயர்ப்பு, சட்ட உதவி, நாட்டு நிலைமையை அறிந்த அதிகாரி, விரைந்த தீர்ப்பு ஆகியவற்றுக்குச் செலவிடாமல் முட்கம்பிக்கும் காவலுக்கும் பெருஞ்செலவு செய்தனர். அங்கேதான் பிழை நேர்ந்தது.

மற்றொன்றும் தெளிவாகிறது. மூன்று தரப்பினரும் சேர்ந்து பொறுப்பேற்றபோது மட்டுமே இக்கொள்கை பயன் தந்தது. புறப்பட்ட நாடு பழிவாங்காதிருக்கவேண்டும். முதலில் இறங்கிய நாடு விரட்டாதிருக்கவேண்டும். தொலைவிலுள்ள நாடு ஏற்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சுமை முழுதும் படகிலிருப்பவர் தலையில் விழுந்தது.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நம்மவருக்கு இவ்வரலாறு தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ரயிலேறி வந்த நம்மிற் பெரும்பாலோர் பிழைப்பை நாடியே வந்தோம். எந்த ரயில் நிலையத்திலும் எவரும் நம்மை நிறுத்தி, ‘அச்சத்தினால் வந்தீரா, அரிசிக்காக வந்தீரா?’ என்று வினவவில்லை. நாட்டின் எப்பகுதியிலும் தடையின்றிச் செல்லவும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு உரிமை அளித்திருக்கிறது. ஊரில் பிழைக்க வழியில்லை என்பது, ஒரு நாட்டின் எல்லைக்குள் ஒருவர் இடம்பெயரப் போதிய காரணம். எல்லையைத் தாண்டிவிட்டால் அதே காரணம் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக்கிவிடுகிறது. எல்லைகள் உள்ளவரை இவ்வேறுபாடு இருக்கவே செய்யும். எந்த அரசாங்கமும் வருவோர் அனைவரையும் ஏற்றுவிட முடியாது. ஆனால் பிழைப்புக்காகப் புறப்படுவது இழிந்த செயலன்று என்பதை நாம் நம் வாழ்விலேயே அறிவோம். விசாரணை மேசையின் அப்புறம் நிற்பவரை அகதியன்று என்று தீர்ப்பளிக்க நேர்ந்தாலும், அவர் கூறியதை முழுதும் கேட்ட பின்னரே அத்தீர்ப்பு வரவேண்டும். வந்த பின்னரும் அவர் மனிதராகவே நடத்தப்படவேண்டும்.